இரவல் பெயரில் ஒரு சீசன்

பதினொன்றாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வீடு என்றால் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். ஒரு நாள் செங்கல்பட்டிலிருந்து எங்கள் பள்ளியின் டிரில் மாஸ்டர் பஸ் பிடித்து வந்து நின்றார். வாலிபால் டோர்னமெண்டுக்குப் பத்து நாள்தான் இருந்தது. வலைக்கு மேலே எழும்பி அடிக்க என்னை விட்டால் அவருக்கு ஆளில்லை. ஆனால் ஃபெயிலானவன் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்காது. பதிவேட்டில் இல்லாதவன் ஆட முடியாது.

“லிஸ்ட்ல ஒரு கண்ணாடி போட்ட பையன் கீறான். சும்மா கணக்குக்குத்தான் சேர்த்தேன். அவன் பேர்ல நீ ஆடு. யாருக்குடா தெரியப்போவுது?” என்றார்.

யாருக்கும் தெரியவில்லை. அதுதான் எனக்கு வந்த வினை.

ஜெயித்தோம். சிறந்த ஆட்டக்காரன் என்ற சர்டிபிகேட் கண்ணாடிக்காரன் பெயரில் வந்தது. “எனக்கெதுக்குடா, நீயே வச்சுக்க” என்று என்னிடம் கொடுத்துவிட்டான். பரீட்சை முடிந்ததும் காலேஜில் சேர எங்கோ வடக்கே போய்விட்டான். ஆட்டம் பார்க்க வந்திருந்த ஒரு மெட்ராஸ் கம்பெனியின் டீம் மேனேஜர், அந்தப் பெயரிலேயே என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். லீக் முடியும்வரை தற்காலிக வேலை, கப் வாங்கினால் நிரந்தரம். கட்டுமரம் தள்ளிக்கொண்டிருந்த என் நைனா அந்தச் சேதியைக் குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். கம்பெனி விலாசத்தை எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். பெயர் விஷயத்தை மட்டும் மூச்சுவிடவில்லை.

மெட்ராஸில் முதல் வாரம், பந்தைத் தூக்கிக் கொடுப்பவன் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துவான்; நான் மரம் மாதிரி நிற்பேன். பந்து என் காலடியில் விழும். “தூங்கறியா?” என்பார் மேனேஜர். அப்புறம் குளிக்கும்போது, சாப்பிடும்போது, அந்தப் பெயரை எனக்கு நானே சொல்லிப் பழகினேன். ஒரு மாதத்தில் சரியாகத் திரும்பினேன். அதைவிட மோசம் அதற்கப்புறம் நடந்தது. லீவில் ஊருக்குப் போகையில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் எங்கள் குப்பத்து மீன்காரி ஒருத்தி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“எத்தினி வாட்டி கூப்புடறது? காது இன்னா அட்ச்சுக்கிச்சா?”

மூன்று முறை என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம். அவள் சிரித்தாள். நான் பஸ் ஏறும்வரை என் சொந்தப் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

வாரம் தவறாமல் மேனேஜர், பெயரும் மார்க்கும் எழுதியிருக்கும் எஸ்எஸ்எல்சி புத்தகத்தைக் கேட்பார். அடுத்த வாரம் சார் என்பேன். அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்பார். எனக்குத்தான் சோறு இறங்காது. முதலில் கப்பை வாங்கிக் கொடுப்போம், பிறகு காலில் விழுந்து உண்மையைச் சொல்வோம், கப் வாங்கிக் கொடுத்தவனை யார் துரத்துவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். கணக்கில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதை ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

ஃபைனல் அன்று மத்தியானம் ஷூ கட்டிக்கொண்டிருந்தோம். கம்பெனி வாட்ச்மேன் கையில் ஒரு தந்தியோடு வந்தார். ஒரு பெயரைப் படித்தார். என் பெயர். எங்கள் குப்பத்தின் பெயரையும் படித்தார்.

“இந்தப் பேர்ல யார்னா கீறீங்களா?”

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “நீ அந்தப் பக்கம்தானே? யாருன்னு தெரியுமா?”

எங்கள் குப்பத்திலிருந்து ஒரு தந்தி வருகிறது என்றால் எதற்கு வரும் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு யாரும் தந்தி அடிப்பதில்லை. ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டே, “தெரியாது சார்” என்றேன். வாட்ச்மேன் தந்தியை மடித்துக்கொண்டு போனார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று நன்றாக ஆடினேன். ஜெயித்தோம். மேனேஜர் என்னைக் கட்டிப்பிடித்து, திங்கட்கிழமை புத்தகத்தோடு வா, ஆர்டர் வாங்கித் தருகிறேன் என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். குப்பத்தில் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. முந்தின நாள் விடியற்காலையில் அலையில் கட்டுமரம் புரண்டு நைனா போய்விட்டார். மாமல்லபுரத்தில் வந்து நின்ற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஆள்விட்டுப் பார்த்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் எடுத்திருக்கிறார்கள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்திருக்கிறான். வாட்ச்மேன் கேட்டபோதே எழுந்திருந்தால் முகத்தைப் பார்த்திருப்பேன்.

“காலங்காத்தாலயே தந்தி அட்ச்சாங்களே, வர்லியா?” என்று அம்மா கேட்டாள்.

“வர்ல” என்றேன்.

மறுபடி மெட்ராஸ் பக்கம் போகவில்லை. அம்மா அதற்குப் பிறகு நெடுநாள் இருந்தாள். தபால்காரரைக் கண்டால் போதும், மண்ணை வாரித் தூற்றுவாள். “எம் புள்ள அப்பன் மூஞ்சியப் பாக்காத மாதிரி பண்ணிட்டியே, நீ நல்லாருப்பியா?” அவர் பாவம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேறு வழியாகப் போய்விடுவார். நான் அம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.