தறப்பாள் கட்டிய திருநாள்

பேசாலைப் பற்றிமாவுக்கு ஒழுகுகிற கூரையைக் கண்டால் நெஞ்சு பதறும். பதறாமல் என்ன செய்யும்? மடுக்கோயில் அகதி முகாமில், மார்கழி மழை ஒழுகிய ஓலைக் கொட்டிலுக்குள் நனைந்து காய்ச்சல் கண்டல்லவா அவளுடைய சின்ன மகள் அன்னா கண்ணை மூடினாள்! ஜெர்மனியின் டோர்ட்முண்டுக்கு வந்து வருடங்கள் போயும் அந்தச் சொட்டுச் சத்தம் அவள் காதைவிட்டுப் போகவில்லை.

அவள் வீட்டுவேலை செய்தது ஃபிறவ் லேவின் என்ற யூத மூதாட்டியிடம். தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒக்ரோபரில் அந்த அம்மாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. குடிசை கட்டி அதற்குள் உண்ணும் கூடாரத் திருநாள் வருகிறது. அவளுடைய முற்றத்தில் முதன்முறையாகக் குடிசை எழும்பப் போகிறது! கடைசியாக அப்படியொரு குடிசையில் அவள் உண்டது எட்டு வயதில், தகப்பன் மடியில் இருந்து. அடுத்த மாதமே நாஜிகள் அவர்களுடைய ஜெபாலயத்தைக் கொளுத்தி, தகப்பனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவேயில்லை.

மகன் தானியல் பலகை அடித்து, மேலே பச்சைக் கொப்புகளைப் பரப்பி, அப்பிள்களைத் தொங்கவிட்டான். பொழுதுசாயத் தாயும் மகனும் ஜெபாலயத்துக்குப் போனார்கள். பற்றிமாவைக் கூட்டிப்போகக் கணவன் அம்புறோஸ் வந்து சேர்ந்தான்.

"இஞ்சருங்கோ, உந்தப் படிச்ச பெடியன் கூரை போட்ட வடிவைப் பாருங்கோ. வானம் தெரியுது!" என்றாள் பற்றிமா.

"தெரிஞ்சா உமக்கென்ன? வாரும், பஸ் போயிடும்."

"மழை இருட்டிக்கொண்டு வருது. அந்த மனுசி நனைஞ்சு சாகிறதே? ஏணியைப் பிடியுங்கோ."

"ஓம் ஓம், இஞ்சினியர் அம்மா ஏறுறா. எல்லாரும் வழி விடுங்கோ!"

வாகனக் கொட்டகையில் கிடந்த, தண்ணீர் புகாத நீலத் தறப்பாளை இழுத்துக் கூரைமேல் விரித்தாள். காற்றுக்கும் அசையாதபடி மூலைக்கு மூலை முடிச்சுப் போட்டாள். 'நல்லாயிரு பிள்ளை' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவோம் என்று காத்து நின்றாள்.

இருட்டிய பிறகு திரும்பி வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஃபிறவ் லேவின் கூரையைக் கைகாட்டினாள்.

"மழை வரும், அதுதான் மூடினேன்," என்றாள் பற்றிமா.

"மூடக்கூடாது," என்றான் தானியல். "கொப்புகளுக்கூடாக நட்சத்திரம் தெரியவேண்டும். இப்படி மூடினால் இது எங்கள் குடிசையே அல்ல."

அவன் கயிற்றில் கைவைக்கப் போக, தாய் தடுத்தாள். "பொழுதுபட்டுத் திருநாள் தொடங்கிவிட்டது. இனி வேலை செய்வது விலக்கு. இந்த முடிச்சை நாங்கள் அவிழ்க்கக்கூடாது."

அவிழ்த்துவிடு என்று பற்றிமாவிடம் கேட்கவும் அவர்களுடைய முறை இடங்கொடுக்கவில்லை. மூதாட்டி அண்ணாந்து நீலத் தறப்பாளைப் பார்த்தாள். "இந்த வருடமும் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை," என்றாள்.

பற்றிமாவுக்கு இடி விழுந்தது போலிருந்தது. ஐயோ, நல்லதென்று நினைத்து என்ன காரியம் செய்துவிட்டேன்! யாரும் சொல்லாமலே குசினிக் கத்தியோடு ஏணியில் ஏறினாள். தன் முடிச்சுகளைத் தானே அறுத்தாள்.

தறப்பாள் சரிந்தது. முகில்களுக்கிடையில் ஒரேயொரு நட்சத்திரம் தெரிந்தது. தானியல் மெழுகுதிரி வெளிச்சத்தில் வாழ்த்துச் சொல்லித் திராட்சரசம் ஊற்றினான். தேன் தொட்ட பாண் துண்டை வாயில் வைத்ததும் ஃபிறவ் லேவினின் கன்னங்களில் கண்ணீர் வழிந்தது.

அப்போதுதான் மழை கொட்டியது. பற்றிமா கைகளால் முகத்தைப் பொத்தினாள். அவர்களோ சிரித்தபடி தட்டுகளோடு எழுந்தார்கள்!

"எழும்பிப் போகலாமா?" திகைத்துப்போய்க் கேட்டாள் பற்றிமா.

"போகலாம். மழையில் வருந்தும்படி எங்கள் முறை சொல்லவில்லை," என்றான் தானியல். "உள்ளேதான் வீடு இருக்கிறதே!"

"அங்க எங்களுக்கு இருக்கேல்லையே!" தமிழிலேயே கதறிவிட்டாள் பற்றிமா.

மூதாட்டி அம்புறோஸைப் பார்த்தாள். அவன் தெரிந்த ஜெர்மன் மொழியில், நாத்தடுமாற, அன்னாவின் கதையைச் சொன்னான். ஃபிறவ் லேவினின் கையிலிருந்த தட்டு நழுவி விழுந்தது.

தானியல் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டான். மூதாட்டி உள்ளே போகவில்லை. குடிசைக்குள் நனைந்த வாங்கில் பற்றிமாவை இருத்தித் தானும் அருகில் இருந்து, தன் சால்வையை அவள் தலையில் போர்த்தினாள்.