இசக்கி எழுதிய வாக்கியம்

இசக்கியின் விரல்களில் எப்போதும் புகையிலை மணக்கும். எத்தனை முறை கழுவினாலும் போகாத, மூக்கில் ஏறினால் தும்மலை வரவழைக்கும் காரமான மணம் அது. ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது எவ்வளவு பழகிப்போயிற்று என்றால், அவள் வராத நாட்களில் அந்த பெஞ்சே வேறு யாருடையதோ போலத் தோன்றும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலை ஒட்டியது எங்கள் ஊர். இசக்கியின் அப்பா பேரூராட்சியில் சாக்கடை அள்ளும் வேலையில் இருந்தார். அம்மா பீடி சுற்றினாள். அவர்கள் தெருவுக்குள் நான் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே எனக்குத் தெரிந்திருந்த சட்டம். ஒரே ஒரு முறை அதை மீறிப் போயிருக்கிறேன். பீடித்தூளும் இலையும் பரப்பிய ‘சுளவு’ என்ற முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலையை உருட்டி நூல் கட்டிக்கொண்டே, எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்து அவள் சத்தமாகப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பக்கம் திருப்ப வேண்டியிருந்தால் தூள் படாமலிருக்க முழங்கையால் திருப்பினாள்.

எங்களுக்குச் சமூக அறிவியல் எடுத்தவள் என் அம்மா. அவளைக் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதைப் படித்துவிடக்கூடாது. காய்ச்சலோடும் பள்ளிக்கு வருவாள். டியூஷன் என்ற பேச்சே கிடையாது. இசக்கிக்கு ‘ஜாமிட்ரி பாக்ஸ்’ வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். கொடுத்துவிட்டு வீட்டில் வந்து சொன்னாள்: “பாவம்ட்டி. அந்தத் தெருப் பிள்ளையளுக்குப் படிப்பு எங்க ஏறுது? ஏதோ பத்தாப்பு வரைக்கும் வந்து உக்காந்து எந்திரிச்சாப் போதும்.” அதை இரக்கம் என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன். என் விஷயத்தில் அவளுக்கு வேறு கண் இருந்தது. நான் பாதி எழுதி விட்ட விடையை, மீதியை மனதுக்குள் தானே எழுதி முடித்து, முழு மதிப்பெண் போடுவாள். கேட்டால், “நீ என்ன சொல்ல வந்தேன்னு எனக்குத் தெரியும்லா” என்பாள்.

அரையாண்டுத் தேர்வில் மண் அரிப்பைப் பற்றி ஒரு பெரிய கேள்வி வந்தது. அந்தப் பாடத்தை நான் தொடவே இல்லை. பெஞ்சின் அந்த ஓரத்தில் இருந்த இசக்கி, நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் தன் தாளைப் பைய என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் வரிக்கு வரி எழுதினேன். முடிவில் புத்தகத்தில் இல்லாத ஓர் உதாரணம் எழுதியிருந்தாள்: ஐப்பசி மழையில் வாய்க்கால் பெருகியபோது, புங்கமரம் நின்ற இடத்தில் கரை அப்படியே இருந்தது என்றும், மரம் இல்லாத இடத்தில் கரையோடு சேர்ந்து ஒரு வீட்டின் பின்சுவரும் போனது என்றும், வேர் என்பது மண்ணின் கைப்பிடி என்றும். அந்தப் பின்சுவர் அவள் வீட்டினுடையது. அதையும் எழுதினேன்.

விடுமுறை முடிந்து விடைத்தாள் கொடுக்கும் நாளில் அம்மா இரண்டு தாள்களைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். முதலில் என்னுடையதை எடுத்து, அந்த உதாரணத்தை வகுப்புக்கே வாசித்துக் காட்டினாள். அவள் குரலில் பெருமை இருந்தது. அடுத்து இசக்கியை எழுந்து நிற்கச் சொன்னாள்.

“யாரைப் பாத்து எழுதுன?”

“நானாத்தான் எழுதுனேன் டீச்சர்.”

“பொய் சொல்லாத. பக்கத்துல இருந்து அப்படியே இறக்கி வச்சிருக்க.”

“இல்ல டீச்சர். நானாத்தான் எழுதுனேன்.”

இரண்டு முறைதான் சொன்னாள். மூன்றாவது முறை என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருப்பது போலத்தான் பார்த்தாள். நான் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தேன்.

அம்மா அவள் தாளில் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டுச் சுழியம் எழுதினாள். மறுநாள் இசக்கியின் அம்மாவை வரவழைத்தார்கள். தலைமையாசிரியை அறைக்குள் வரச்சொல்லியும் அந்த அம்மா வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். “டீச்சரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி, எல்லோரும் பார்க்க மகளின் முதுகில் அறைந்தாள். இசக்கி அழவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்து சொல்லவில்லையா, எனக்காகத்தான் சொல்லவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம், அம்மா அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். “அவ என்னையப் பாத்து எழுதலம்மா. நான்தான் அவளைப் பாத்து எழுதுனேன்.”

அரிவாள்மணையிலிருந்து எழுந்து வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அப்படியே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் என் மதிப்பெண்ணை அடித்துச் சுழியமாக்கினாள். தன் மகள் என்று பார்க்கவில்லை. அதில் அவள் நேர்மை எனக்கு இன்றும் மதிப்புத்தான். ஆனால் இசக்கியின் சுழியத்தை அவள் திருத்தவில்லை. அன்றைக்கு நடந்து வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டேன்.

“அப்பம் இசக்கி மார்க்கு?”

“அவ யாரைப் பாத்து எழுதுனான்னு தெரியலையேட்டி. கைடுல இருந்து கிழிச்சுக் கொண்டாந்திருப்பா.”

“இல்லம்மா, அது அவ வீட்டுச் செவரு. நான் பாத்திருக்கேன்.”

“உனக்குத் தெரியாது. அந்தத் தெருப் பிள்ளைக்கு இப்படி ஒரு வாக்கியம் எழுத வராது.”

பாரபட்சம், தப்பெண்ணம் என்ற இரண்டு சொற்களையும் நாம் ஒன்றுபோலவே பயன்படுத்துகிறோம். எனக்கு அவற்றின் வித்தியாசம் விளங்கியது அந்தத் தெருமுனையில்தான். என் பக்கம் சாய்ந்திருந்த அம்மாவின் மனதை ஓர் உண்மை நிமிர்த்திவிட்டது, வலித்தாலும் நிமிர்ந்துவிட்டாள். இசக்கியைப் பற்றி அவள் வைத்திருந்த எண்ணத்தை அதே உண்மை தொடவே இல்லை. அது இசக்கியைப் பார்த்து உண்டான எண்ணம் அல்லவே. இசக்கி பிறப்பதற்கு முன்பே உண்டாகி, அவள் வந்து நிற்பதற்காகக் காத்திருந்தது. ஒரு சான்று பொய்யானால் இன்னொரு சான்றைத் தேடிக்கொண்டது. இரண்டும் ஒரே ஆளின் மனதுக்குள், அதுவும் நல்ல மனதுக்குள், அடுத்தடுத்துக் குடியிருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பொங்கலுக்குப் பிறகு இசக்கி பள்ளிக்கு வரவில்லை. மாசி மாதத்தில் ஒருநாள் பீடிக் கடை வாசலில் அவளைப் பார்த்தேன். சுற்றிய பீடிக் கட்டுகளைக் கொடுக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். தாவணி போட்டிருந்தாள், அதற்குள் பெரிய பொம்பளை போல ஆகிவிட்டிருந்தாள்.

“என்னட்டி, பள்ளிக்கூடம் விட்டாச்சா?” என்று அவளே கேட்டாள். “எந்தப் பாடம் நடக்கு?”

சொன்னேன். பிறகு, “நான் எங்கம்மாட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்” என்றேன்.

அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. “சொல்லிட்டியா? டீச்சர் என்ன சொன்னாங்க?”

நான் அவள் கையிலிருந்த பீடிக் கட்டுகளைப் பார்த்தேன். நான் நின்ற விதத்திலேயே அவள் புரிந்துகொண்டாள். மலர்ந்த முகம் வாடியதை நான் கண்ணால் பார்த்தேன். “சரி, விடு” என்று வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்தாள்.

அதற்குப் பிறகு அவளோடு பேசவே இல்லை. கேரளாப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். அந்தத் தெருவே இப்போது இல்லை. வாய்க்காலுக்குக் கரை கட்டும்போது ஆட்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைத்துவிட்டார்கள். நாங்கள் படித்த கட்டடத்தையும் இடித்தாயிற்று. விசாரித்துப் போனபோது அந்த வீட்டுக்காரர்களைத் தெரிந்தவர் என்று ஒருவரும் அகப்படவில்லை.

அம்மா என்னோடு பாளையங்கோட்டையில் இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டது, நினைவு தப்பித் தப்பி வருகிறது. போன வாரம் பழைய மாணவிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், தானாகவே இசக்கி என்றாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அரையாண்டுத் தேர்வு ஞாபகம் இருக்கிறதா, நான் அவளைப் பார்த்து எழுதியது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“நீ பாத்து எழுதுனியா? என் பிள்ளை ஏன் அப்படிச் செய்யப்போகுது?” என்று சிரித்தாள். என்னை அறைந்ததும், அழுததும், என் மதிப்பெண்ணை அடித்ததும் எல்லாம் அவளிடமிருந்து போய்விட்டிருந்தன. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, பாசத்தோடு சொன்னாள்:

“இசக்கி நல்ல பிள்ளதான். பாவம், பாத்து எழுதுவா.”