குற்றாலநாதர் கொடுத்த அடி

தென்காசித் தாலுகா கச்சேரியில் நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், குற்றாலத்தில் ஒரு பெருங்கூட்டம் சேர்ந்து என்னைக் கொல்லப் பார்த்தது. குற்றாலநாதர் எனக்குச் செய்த பெரிய உபகாரம் அதுதான். அவரை நம்புகிறவர்களுக்கு அதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று எழுதுகிறேன்.

பீகாரில் பூமி நடுங்கிய மறுவருஷம் அது. அந்தக் கோடையில் குவெட்டாவும் இடிந்து விழுந்திருந்தது. இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதும் பரீட்சையில் நான் இரண்டு தரம் தோற்றிருந்தேன். இன்னொரு தரம் தோற்றால் வேலை போகும். எல்லாக் கோவிலிலும் வேண்டிக்கொண்டேன், பலனில்லை. கடைசியில் கச்சேரியில் கழித்துப் போட்ட இங்கிலீஷ் பத்திரிகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, அழிவுச் செய்திகளை மட்டும் படிக்க ஆரம்பித்தேன். காரணம் உண்டு. அரசியல் பேச்சில் ஆளுக்கொரு வார்த்தை. ஊர் அழியும்போது நிருபர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைகளைத்தான் எழுதுகிறார்கள். ஃப்ளட் என்றால் வெள்ளம். டெப்ரி என்றால் இடிபாடு. லேண்ட்ஸ்லிப் என்றால் மலைச்சரிவு. நாலு ஊர் அழிந்தால் எனக்கு ஒரு பாடம் முடியும்.

என் மாமனார் எங்களோடுதான் இருந்தார். மாமியார் இறந்து வெகுகாலம். நான் காலையில் உரக்கப் படிப்பது அவருக்குப் பொறுக்காது.

"மாப்ள, விடியக்காலமே இது என்ன இழவுப் பாட்டு? இங்கிலீஷ்ல நல்ல சேதி ஒண்ணுகூட கெடையாதோ?"

"நல்ல சேதில வார்த்தை கம்மி மாமா."

"அப்பம் ஒம்ம சம்பளம் கூடணும்னா எங்கயாவது ஒரு ஊரு மூழ்கணும்!"

ஒரு செய்தியை மட்டும் பலமுறை படித்தேன். இமயமலை அடிவாரத்தில் ஓர் ஊர். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஆறு திடீரென்று மெலிந்தது. ஜனங்கள் சந்தோஷப்பட்டு மீன் பிடிக்க இறங்கினார்கள். மேலே மலை சரிந்து ஆற்றை அடைத்திருந்தது. அடைப்பு உடைந்தது. அதன் பிறகு அந்த ஊர் இல்லை. ஒரே பத்தியில் அத்தனை புது வார்த்தைகள் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. அந்த ஜனங்களுக்காக நான் வருத்தப்பட்டதாக ஞாபகம் இல்லை.

ஆடி மாதம் மாமனாரோடு குற்றாலம் போனேன். என் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். "அப்பாவுக்குக் கால் வழுக்கும். கையப் புடிச்சே கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

பேரருவியில் நல்ல கூட்டம். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மாமா அருவிக்குள் போனார். மலைமேல் கருமேகம், மழை விடவில்லை. அப்போது அருவி மெலிந்தது. கத்திப் பேசினாலும் கேட்காத அந்த இடத்தில் பக்கத்து ஆள் தொண்டையைக் கனைப்பது எனக்குக் கேட்டது. பயந்து ஓரத்தில் நின்றவர்களும் சிரித்துக்கொண்டு உள்ளே போனார்கள். எனக்கு அந்த இமயமலை ஊர் ஞாபகம் வந்தது.

"வெளிய வாங்க! மேல மலை சரிஞ்சிருக்கு! வெள்ளம் வருது!" என்று கத்தினேன்.

"ஏலே, தண்ணியே இல்ல, வெள்ளம் வருதாம்லா!"

"கச்சேரிக்குத் தபால் வந்திருக்கும்லே!" என்றான் என் வேலை தெரிந்த ஒருவன்.

விதிப்படி கிராம முன்சீப் எழுதி, தாசில்தார் பார்த்து, அதன் பிறகு தண்டோரா போட வேண்டும். விதி எனக்குத் தெரியும். தண்ணீருக்குத் தெரியாது.

மாமாவின் கையைப் பிடித்தேன். வழுக்கியது. தோளைப் பிடித்தேன். வழுக்கியது. "விடும் மாப்ள! எண்ணெயோட வெளிய வந்தா தடுமம் புடிக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் அழுதேன். "குற்றாலநாதா, இவர்களுக்குப் புரியும்படி ஒரு வார்த்தை கொடு" என்றேன். எந்த மொழியிலும் ஒன்றும் வரவில்லை. என் கை மட்டும் போய் மாமாவின் குடுமியைப் பிடித்தது.

இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தேன். அவர் முகம் பாறையில் மோதியது. வாயெல்லாம் ரத்தம். நான் விடவில்லை, கன்றுக்குட்டியை இழுப்பதுபோல் வெளியே இழுத்துப் போட்டேன்.

"மாமனார் குடுமியப் புடிச்சு இழுக்கான்! கொல்லுங்கலே அவன!"

மொத்த அருவியும் என் மேல் பாய்ந்தது. அடித்தார்கள், மிதித்தார்கள். எழுந்து கோவில் பக்கத்து மேட்டில் ஏறி ஓடினேன். விடாமல் துரத்தினார்கள். எல்லோருக்கும் முன்னால் கையில் கல்லோடு மாமா. "எவனும் தொடாத குடுமிலே!" என்று அலறினார். வேடிக்கை பார்க்கப் பெண்கள் பக்கத்திலிருந்தவர்களும் ஈரச் சேலையோடு மேடேறி வந்துவிட்டார்கள். மாமா கல்லை வீசினார். என் இடது தோளில் எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது.

அதை விழுங்கிக்கொண்டு இன்னொரு சத்தம் வந்தது.

தண்ணீர் சிவப்பாக விழுந்தது. வேரோடு மரங்கள், ஆள் உயரப் பாறைகள். மாமா குளித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு பெரிய மரம் தலைகீழாகக் குத்தி, துண்டு துண்டாகத் தெறித்தது. என் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தவன் பிடியை விடவில்லை. ஆனால் இப்போது அவன் கீழே விழாமலிருக்க என்னைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஒருவர் மட்டும் வரவில்லை. ஓரத்தில் கண்மூடி ஜபம் செய்துகொண்டிருந்த பெரியவர். அடிதடியைத் திரும்பிப் பார்க்காத சாது. கீழே சிற்றாற்றில் அவர் உடல் கிடைத்தது. அவரும் அதே சாமியைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இதற்கு எனக்கு விளக்கம் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதவும் மாட்டேன். பேர் தெரியாத அவருக்காகத் தினமும் ஒரு விளக்கு ஏற்றுகிறேன்.

மாமா குடுமியை முடிந்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "மாப்ள, அந்த இழவுப் பாட்ட இன்னொரு மட்டம் சொல்லும். தமிழ்ல சொல்லும்" என்றார். சொன்னேன். முடியும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்றுதான் அந்த இமயமலை ஊருக்காக நான் அழுதேன்.

பரீட்சையில் பிறகு தேறினேன். ஆனால் அதன் பின் நான் குற்றாலநாதரிடம் சம்பளம் கூட வேண்டும் என்று கேட்டதில்லை. பத்திரிகையில் எந்த ஊர் மூழ்கினாலும் முதலில் கும்பிட்டுவிட்டுத்தான் படிப்பேன்.

நீங்களும் கேளுங்கள். நிச்சயம் தருவார். எந்த வழியில் தர வேண்டும் என்று மட்டும் மனுவில் எழுதாதீர்கள். அந்த இடத்தை அவருக்கு விட்டுவிடுங்கள். நான் ஒரு வார்த்தை கேட்டேன். அவர் அத்தனை பேருக்கும் என் மேல் கோபத்தைக் கொடுத்தார்.

என் இடது கை இன்றும் தோளுக்கு மேலே எழும்பாது. மாமா உயிரோடு இருந்தவரை, குற்றாலநாதர் சந்நிதியில் தீபாராதனை காட்டும்போது, அவர் தன் ஒரு கையால் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி, என் வலது கையோடு சேர்த்துவைப்பார்.