கையை எடுக்காதே

இதில் ஒரு எழுத்துகூட இட்டுக்கட்டியது கிடையாது. இட்டுக்கட்டுவதாக இருந்தால் கதாநாயகனுக்கு நோண்டி என்பதைவிட நல்ல பெயராக யோசித்திருக்கலாம். ஆனால் அவனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர் செய்பவன். நன்றாக ஓடுகிற பொருளைக்கூடத் திறந்து பார்த்து, இரண்டு திருகாணிகளை மிச்சம் வைத்து மூடுகிற கைராசி அவனுக்கு. நடந்ததை அவன் வாயாலேயே கேட்டேன். எங்கே நின்று சொன்னான் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நோண்டி குடியிருந்தது மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். மேல்தளத்தில் அவனுடைய சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன். சகலை வீட்டில் சுவரை அடைத்து ஒரு புது டிவி. மொட்டைமாடியில் பெரிய மீன் முள்ளை நட்டுவைத்தது போலப் பளபளவென்று ஓர் ஆன்டெனா. காற்றில் இலவசமாக வருகிற இருபத்தாறு சேனலும் அவர் கூடத்தில் வந்து கைகட்டி நிற்கும்.

நோண்டியிடம் இருந்தது முதுகு புடைத்த பழைய டப்பா டிவி. டிஜிட்டல் ஒளிபரப்பு அதற்குப் புரியாது. புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்க இன்னொரு பழைய பெட்டி. ஜன்னலோரம் ஒரு சின்னக் கம்பி ஆன்டெனா, அதன் தலையில் சாக்லேட் சுற்றிவந்த வெள்ளித்தாள். நாலு சேனல் வரும். தெருவில் பஸ் போனால் மூன்று.

பொழுது சாய்ந்ததும் அவன் மனைவி மாடிக்கு ஏறிவிடுவாள். திரும்பி வந்தும் சும்மா இருக்க மாட்டாள்.

"அத்தான் வீட்டு டிவில கதாநாயகி மூக்கு வேர்க்கிறதுகூடத் தெரியுதுங்க."

"ஏன், நம்ம டிவில தெரியலையா?"

"நம்ம டிவில மூக்கே தெரியலையே."

நோண்டிக்கு டிவி ஆசையெல்லாம் பெரிதாகக் கிடையாது. வேலை முடிந்து வந்தால் மனைவி வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். காலிக் கூடத்தில் தனியாகச் சாப்பிடும்போது மேலேயிருந்து அவள் சிரிப்பது கேட்கும். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவான். தெருவில் இறங்கி, சகலை வீட்டு ஜன்னலில் நீல வெளிச்சம் ஆடுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தப் பார்வையை யாராவது கவனித்திருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள்.

மொட்டைமாடி மூலையில் இன்னொரு ஆன்டெனாவும் இருந்தது. துருப்பிடித்தது. எந்தக் காலத்திலோ குடியிருந்தவர்கள் விட்டுப்போனது. அதன் கேபிளை யாரோ வெட்டியிருந்தார்கள். ஒரே வெட்டாக இல்லை. கொத்திக் குதறியிருந்தார்கள்... ஆத்திரத்தில் வெட்டியது போல.

நோண்டி அதையெல்லாம் யோசிக்கவில்லை. புதுக் கேபிள் கோர்த்தான். சுவரோரமாகக் கீழே இறக்கி, ஜன்னல் கம்பி வழியாக இழுத்துப் பெட்டியில் சொருகினான். ஸ்கேன் போட்டான்.

எட்டு... பதினைந்து... இருபத்தாறு... நிற்கவில்லை.

முப்பத்தொன்று!

சகலையைவிட ஐந்து அதிகம். நோண்டி தன் வயதுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒரு நடனம் ஆடினான். மனைவியைக் கீழே கூப்பிட்டான். அவள் வந்தாள், பார்த்தாள், உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து மாடிக்குப் போகவில்லை. கல்யாணம் ஆன நாளில்கூட அவன் அவ்வளவு சந்தோஷப்படவில்லை என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்.

"யாருங்க அது? நியூஸ் வாசிக்கிறவர் பின்னாடி..."

செய்தி வாசிப்பவரின் தோளுக்குப் பின்னால் மெலிதாக ஒரு நிழல். ஓர் ஆள் நிற்கிற மாதிரி. வலது கை மட்டும் தலைக்கு மேலே தூக்கியிருந்தது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவனைப் போல.

சேனலை மாற்றினான். சமையல் நிகழ்ச்சி. அடுப்புக்குப் பின்னால் அதே நிழல். மாற்றினான். கார்ட்டூன். கரடிக்குப் பின்னால் அதே ஆள். அதே கை.

"அது ஒண்ணுமில்லை. சிக்னல் எங்கயாவது மோதித் திரும்பினா அப்படி நிழல் விழும்" என்றான்.

சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கே அது இடித்தது. அந்த மாதிரி நிழல் பழைய ஒளிபரப்பில்தான் விழும். டிஜிட்டலில் விழாது. வந்தால் படம் முழுசாக வரும், இல்லையென்றால் கட்டம் கட்டமாக உடைந்து போகும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது.

ஆனால் ஒன்று இருந்தது. நாளுக்கு நாள் அதன் முகம் திரும்பிக்கொண்டே வந்தது. முதலில் காது தெரிந்தது. அப்புறம் கன்னம். ஒரு வாரத்தில் கண். அந்தக் கண் மிரட்டவில்லை. கூடத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களை வெறித்துப் பார்த்தது. அவ்வளவுதான்.

அந்தப் பார்வை நோண்டிக்குத் தெரியும். தெருவில் நின்று அவன் பார்க்கிற அதே பார்வை.

அப்போதே கேபிளைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான் கால்பந்து இறுதி ஆட்டம். மாமனார் வந்திருந்தார். வழக்கமாக அவர் நேராகப் பெரிய மாப்பிள்ளை வீட்டுக்கு ஏறிவிடுவார். இந்தத் தடவை கீழ்ப்படியிலேயே செருப்பைக் கழற்றினார்.

"சின்ன மாப்பிள்ளை வீட்லயே பாத்துடலாம். அஞ்சு சேனல் கூட வருதாமே."

பிடுங்குவானா?

எல்லோரும் வந்தார்கள். மாமனாருக்கு சோபா. நோண்டிக்கு அவனுடைய நாற்காலி. சகலைக்கு ஸ்டூல்.

"என்ன சகலை, ஸ்டூல் சௌகரியமா இருக்கா?"

"எனக்கு ஒண்ணும் இல்லை சகலை. உங்க டிவிதான் பாவம், மாசமா இருக்கிற மாதிரி நிக்குது."

ஆட்டம் தொடங்கியது. மனைவி அவன் காதருகே குனிந்தாள்.

"ஏங்க... இன்னைக்கு அந்த ஆளைக் காணோம்."

திரையைப் பார்த்தான். பச்சைப் புல். பந்து. நிழலே இல்லை. துடைத்து வைத்தது போலிருந்தது படம்.

அடுத்த நிமிடம் உடைந்தது. ஆட்டக்காரர்கள் சதுரம் சதுரமாகச் சிதறினார்கள். கிர்ர்ர்... க்ளக்... கிர்ர்ர்...

"ஒரு நிமிஷம்" என்று எழுந்து மொட்டைமாடிக்கு ஓடினான்.

மேலே இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. காற்றே இல்லை. துருப்பிடித்த கம்பியைப் பிடித்தான்.

பிடித்ததும் ஏதோ ஒன்று அவன் தோளை உரசிக்கொண்டு போனது.

தட்... தட்... தட்...

படிக்கட்டில் யாரோ இறங்கினார்கள். அவசரமாக. திரும்பினான். யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாராவதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கீழேயிருந்து குரல் வந்தது.

"வந்துடுச்சு!"

கையை எடுத்தான்.

"போச்சு!"

மறுபடி பிடித்தான்.

"ஆங்... வந்துடுச்சு. அப்படியே நில்லு. கையை எடுக்காதே."

நில்லுவாம். சகலையாகத்தான் இருக்கும். இத்தனை வருடம் வாங்க போங்க என்றவர், ஸ்டூலில் உட்காரவைத்ததும் மரியாதையைக் குறைத்துவிட்டாரா?

நின்றான். கீழே ஆரவாரம். கோல் விழுந்துவிட்டது. மனைவியின் சிரிப்பு தனியாகக் கேட்டது. நோண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு அவனுடையது. டிவி அவனுடையது. எல்லோரையும் கூட்டியது அவன். பார்ப்பது மட்டும் மற்றவர்களா? அவன் நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

எக்கேடோ கெடட்டும் என்று கையை எடுத்தான்.

வரவில்லை.

விரல்கள் திறக்கவில்லை. குனிந்து பார்த்தான். கம்பி முழுக்கத் துரு. அவன் பிடித்திருந்த இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. நாலு விரல் அகலம். யாரோ நெடுநாள் பிடித்துக்கொண்டே நின்ற இடம் போல...

இன்னொரு கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். பிய்த்துக்கொண்டு ஓடினான்.

கூடத்தில் எல்லோரும் அப்படியே இருந்தார்கள். சகலை ஸ்டூலில். நாற்காலி காலி.

மனைவி நிமிர்ந்தாள்.

"இப்ப எதுக்குங்க எந்திரிச்சு வெளிய போனீங்க?"

"இப்பவா? இவ்வளவு நேரம் மேல நின்னேனே! படம் போச்சு போச்சுன்னு கத்தினீங்களே!"

"படம் போகவே இல்லையே சகலை" என்றார் சகலை. "போனீங்க, போன வேகத்துல வந்து உக்காந்தீங்க."

"கோல் விழுந்ததுக்குக்கூட வாயைத் திறக்கலையே மாப்பிள்ளை" என்றார் மாமனார். "கண்ணைக்கூடச் சிமிட்டல. அப்படி என்ன ஆட்டமோன்னு பாத்தேன்."

நோண்டி நாற்காலியைப் பார்த்தான்.

கைப்பிடியில் துரு. நாலு விரல்.

மறுநாள் காலையிலேயே வீட்டுக்காரம்மாவிடம் போனான். அந்த அம்மாள் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அந்தக் கம்பியிலயா மாட்டினே? முன்ன உங்க வீட்ல அண்ணன் தம்பி ரெண்டு குடும்பம் ஒண்ணா இருந்தாங்கப்பா. ஒரு ஃபைனல் அன்னைக்குப் படம் ஆடுதுன்னு தம்பியை மேல அனுப்பினாங்க. அவன் பிடிச்சா தெளிவா வருது, விட்டா போயிடுது. அப்படியே நில்லு, கையை எடுக்காதேன்னு அண்ணன் கத்தினான். தம்பியும் நின்னான்."

"அப்புறம்?"

"நெஞ்சுவலி. நின்னபடியே கம்பியில சாஞ்சுட்டான். கை மட்டும் விடல. கீழ படம் கண்ணாடி மாதிரி இருந்துச்சாம். அதனால ஒருத்தரும் மேல போய்ப் பாக்கல. மேட்ச் முடிஞ்சு, கோப்பை குடுத்து, எல்லாம் பாத்துட்டுத்தான் போனாங்க."

"கேபிளை வெட்டினது யாரு?"

"அவன் பொண்டாட்டி. அவளும் உக்காந்து பாத்துட்டுத்தான் இருந்தா."

நோண்டி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ஆன்டெனாவைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் தானே கொண்டுபோய்ப் போட்டான். கேபிளைத் துண்டு துண்டாக நறுக்கினான். கையை நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவினான். துரு போகவில்லை.

சாயங்காலம் தெருவில் திரும்பும்போதே கேட்டது.

அவன் வீட்டு டிவி.

கூடத்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். பெட்டியின் பின்னால் ஒரு ஒயரும் இல்லை. திரையில் சதுரங்கள் சிதறிக்கொண்டிருந்தன. மனைவி முகம் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவன் நாற்காலி. முதுகு இந்தப் பக்கம். ஒரு தலை தெரிந்தது...

கத்துவதற்காக ஜன்னல் கம்பியைப் பிடித்தான்.

படம் பளிச்சென்று வந்தது.

மனைவியின் முகம் மலர்ந்தது. நாற்காலிப் பக்கம் திரும்பி டீயை நீட்டினாள். ஒரு கை வாங்கிக்கொண்டது. துரு நிறக் கை.

சத்தியமாகச் சொன்னான், அவனுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. பொறாமை.

கையை எடுத்தான். படம் உடைந்தது. "ஐயோ, போச்சே..." என்றாள் அவள். எழுந்தாள். மாடிக்குப் போவதற்குத்தான்.

பிடித்தான்.

உட்கார்ந்துவிட்டாள்.

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. மெதுவாக.

"அப்படியே நில்லு."

நான் அவனைப் பார்க்கப் போனது ஒரு சாயங்காலம். வீட்டுக்கு வெளியே, ஜன்னலோரம் நின்றிருந்தான். ஒரு கை கம்பியில். இதையெல்லாம் அங்கே நின்றுதான் சொன்னான்.

"சரி, உள்ள வாடா. உக்காந்து பேசலாம்" என்றேன்.

"இருடா. சீரியல் முடியட்டும்."

நான் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அவன் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அட, நீங்களா? ஏன் வெளியவே நிக்கிறீங்க... உள்ள வாங்க. அவர் இங்கதான் இருக்கார்."