மைக்கில் சொல்லச் சொன்ன பெற்றிசியா

மன்னார்த் தீவின் சிப்பிமுனைக் கடற்கரையில், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஓலைக் கொட்டில், கருவாட்டு வாடி, பெற்றிசியாவுடையது. புருசன் மில்ரன் காலையில் கரைக்குக் கொண்டுவரும் மீனில் விற்றது போக மிஞ்சியதை அவளும் இரண்டு பெண்களுமாகக் கீறி, உப்புப் போட்டுக் காயவிடுவார்கள். ஊரில் அவளைப் பற்றிக் கேட்டால் முதலில் குரலைத்தான் சொல்வார்கள். அவள் செபமாலை சொல்லத் தொடங்கினால் கோயிலின் கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கும். பிறகு, கொஞ்சம் சிரித்துக்கொண்டு, அவளிடம் எதையும் யோசித்துத்தான் சொல்லவேண்டும் என்பார்கள். சொன்னால் நம்பிவிடுவாள். நம்பினால் காத்திருப்பாள். காத்திருந்து அலுத்தால் எழும்பி வருவாள்.

சின்ன வயதில், சண்டைக்குப் பயந்து அவள் குடும்பம் மடு மாதா கோயிலுக்கு ஓடியது. கோயிலைச் சுற்றியிருந்த மரங்களின் கீழ் தறப்பாள் விரிப்பைக் கூரையாகக் கட்டி இருந்தார்கள். அங்கே ஒரு மழைக்காலத்தில் வயிற்றோட்டம் பரவியது. அந்தக் காலத்தைப் பற்றி அவள் அதிகம் கதைப்பதில்லை. நோய் வருத்தம் வந்த மனுசருக்கு மருந்துக்கு முதல் ஒரு கூரையும் நல்ல தண்ணியும் வேண்டும் என்று மட்டும் சொல்வாள்.

கொரோனா பரவிய வருசம் சிப்பிமுனையின் சிறிய ஆஸ்பத்திரியில் இடம் போதவில்லை. நோயாளர்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். வகுப்பறைகளில் வாங்குகளை அடுக்கி ஒதுக்கிவிட்டுக் கட்டில் போட்டார்கள். சமைத்துக் கொடுக்க ஆள் தேடியபோது பலரும் பயந்தார்கள். பெற்றிசியா வாடியைப் பூட்டிவிட்டுப் போனாள். பள்ளிக்கூடத்து மலசலகூடம் விளையாட்டுத் திடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மழை பெய்தால் திடல் முழுக்கச் சேறு. கோயில் மணி அடிக்கும் அமிர்தநாயகம், மூச்சு வாங்க வாங்க அந்தச் சேற்றைக் கடந்து போகும்போது ஒரு விடியற்காலை விழுந்துவிட்டார். கஞ்சிப் பானையோடு வந்த பெற்றிசியாதான் அவரைக் கண்டாள். தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்தும் அவர் தேறவில்லை. மூடிய சவப்பெட்டி போனபோது ஊர் வேலிகளுக்குப் பின்னால் நின்று பார்த்தது. அன்று மணி அடிக்கவும் ஆள் இல்லை.

அதன் பிறகு மன்னார்ப் பட்டினத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். பள்ளிக்கூட வாசலில் சனத்தைத் தள்ளித் தள்ளி நிற்கவைத்து, தொற்று நோயாளர்களுக்கென்று ஆஸ்பத்திரி வளவில் தனி நோயாளர் விடுதியாக வாட்டு ஒன்று கட்டப்போவதாகச் சொன்னார். "அடுத்த முறை இப்பிடி ஒண்டு வந்தா உங்களைப் பள்ளிக்கூடத்தில போடமாட்டம்," என்றார். பெற்றிசியா அதை அப்படியே நம்பினாள்.

அத்திவாரம் போட்டார்கள். சுவரும் எழும்பியது, தரைக்கும் சீமெந்து பூசினார்கள். பிறகு நாட்டில் எண்ணெய்க்கும் காஸுக்கும் சனம் வரிசையில் நின்ற காலம் வந்தது. சீமெந்து விலை ஏறியதும் கட்டட வேலையை எடுத்த கொந்தராத்துக்காரர் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சுவர்களுக்கு நடுவில் ஆடு படுத்தது. எவருக்கும் ஒன்றுமில்லாத காலம் என்பதால் பெற்றிசியா கேட்டுப் போகாமல் காத்திருந்தாள். அந்த வழுவழுப்பான சீமெந்துத் தரையில் கருவாடு காயப்போட்டால் மணல் ஒட்டாதே என்று கூட வேலை செய்த பெண் சொன்னபோது மட்டும் அவளுக்குக் கோபம் வந்தது. "அது வாட்டு. நாங்களே அதை வாடியாக்கினா, பிறகு ஆரிட்ட போய் வாட்டுக் கேக்கிறது?" என்றாள்.

நாடு கொஞ்சம் நிமிர்ந்தது. வீதிகளுக்குத் தார் போட்டார்கள். சந்தியில் பெரிய வரவேற்பு வளைவு எழும்பியது. வாட்டு மட்டும் அப்படியே நின்றது. ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர் விறாந்தையில் கிடந்தார்கள். பக்கத்து அறையில் பிள்ளைத்தாய்ச்சிகளின் கிளினிக் நடந்தது. ஊரில் சிலர் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான டொக்டர் ஸஹ்றாவில் குறை சொன்னார்கள். டொக்டர் வாய் திறந்து கேட்டால் நடக்காதா என்பது அவர்கள் கதை. பெற்றிசியா நேரே போய் டொக்டரிடமே கேட்டாள். ஸஹ்றா மன்னார்ப் பட்டினத்துப் பிள்ளை, வயது முப்பத்தைந்துக்குள். மாதக் கூட்டம் ஒவ்வொன்றிலும் கேட்பதாகவும், கூட்டத்துக்கு வெளியே கதைக்கத் தனக்கு அனுமதி இல்லையென்றும் சொல்லும்போது டொக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்கள் கதைக்கவேண்டாம் டொக்டர். நீங்கள் மருந்தைக் குடுங்கோ. கதைக்கிறதை நாங்கள் கதைக்கிறம்," என்று சொல்லிவிட்டு வந்தாள் பெற்றிசியா.

அடுத்த நாளே மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பட்டினத்தில் அரசாங்க அலுவலகங்களை, கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார்கள். சுகாதாரத்துக்குப் பொறுப்பானவர்கள் கட்டடம் தங்கள் வேலை இல்லை என்றார்கள். கட்டடத்துக்குப் பொறுப்பானவர்கள் காசு வந்தால் கட்டுவோம் என்றார்கள். காசைப் பற்றிக் கேட்டால், அனுப்பியாயிற்று, செலவழிக்காததால் திரும்பிவிட்டது என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பெற்றிசியா அந்தப் பதில்களை ஒவ்வொன்றாய் நினைத்துப் பார்த்தாள். ஒருவரும் பொய் சொன்னதாக அவளுக்குத் தெரியவில்லை. ஆளாளுக்குத் தன் பங்கை மட்டும் சொன்னார்கள். எல்லாப் பங்கையும் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இல்லை என்பதுதான் அவளுக்கு விளங்கியது.

கட்டடக் கந்தோரில் பரமநாதன் என்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருந்தார். பாப்பாமோட்டைக்காரர், வயல் செய்கிற குடும்பம், அதிகம் சிரிக்காத மனுசர். அவர்தான் அவர்களை இருக்கச் சொல்லி விசயத்தை விளக்கினார். பழைய மதிப்பீட்டுக்கு இன்றைய விலையில் எவரும் வேலை எடுக்கமாட்டார்கள். புதிதாக மதிப்பிட்டு அனுப்பவேண்டும். அதைக் கேட்டு ஒருவரும் வராததால் அது அப்படியே கிடக்கிறது. "நாங்கள் இப்ப கேக்கிறம் ஐயா," என்றாள் பெற்றிசியா. அவர் மதிப்பீடு செய்து அனுப்பினார். அதற்குப் பிறகும் அவள் மாதாமாதம் போனாள். சண்டை பிடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. வாசலில் நின்று, "வணக்கம் ஐயா, எங்கட வாட்டு எங்க நிக்குது?" என்று கேட்பாள். கொஞ்ச நாளில் அவர்களைக் கண்டதும் கந்தோர்க்காரர் தாங்களே கதிரை இழுத்துப் போட்டார்கள்.

வேலை மறுபடி தொடங்கியது. கூரை ஏறியது, தரைக்கு மாபிள் பதித்தார்கள், சுவருக்கு இளம்பச்சைப் பூச்சு. பெற்றிசியா வாடிக்குப் போகும்போதும் வரும்போதும் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவாள். அந்த நேரம் பார்த்துத் தேர்தல் கிட்டியது. திடீரென்று திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். ஊர்ச் சனத்தின் சார்பில் குத்துவிளக்கில் ஒரு திரி கொளுத்துவதற்குப் பெற்றிசியாவையே கேட்டார்கள். அவளுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. கலியாண வீட்டுக்கென்று வைத்திருந்த சீலையை எடுத்து வெயிலில் போட்டாள்.

விழாவுக்கு முதல் நாள் கூட்டித் துடைக்கப் பெண்களோடு போனாள். தரை கழுவுவதற்குக் குழாயைத் திறந்தால் வெறும் காற்றுத்தான் வந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தாள். தண்ணீர்த் தாங்கிக்குத் தூண் மட்டும் நின்றது. விசிறிகள் தொங்கின, கரண்ட் இல்லை. நாளைக்கு ஸ்பீக்கருக்கும் வெளிச்சத்துக்கும் கோயிலிலிருந்து வயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மூச்சுக்கு ஒட்சிசன் கொடுப்பதற்கென்று கட்டில்களின் தலைமாட்டில் பூட்டியிருந்த செப்புக் குழாய், சுவரின் மூலைவரை போய் அங்கே அறுந்து நின்றது. கூட வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் கடல்தண்ணியை வாளி வாளியாய் அள்ளிவந்து தரையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மில்ரனுக்கு அவளைத் தெரியும். "இஞ்ச பாரும், நாளைக்கு ஒண்டும் கதைச்சுப்போடாதையும். நாங்கள் கடற்தொழில் செய்து சீவிக்கிற சனம். வள்ளத்து எண்ணெய்க்கும் லைசனுக்கும் இந்த அதிகாரிமாரிட்டத்தான் போகவேணும்," என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை என்பது அவளுக்குத் தெரியும். சீலையை மடித்து வைத்தாள்.

அடுத்த நாள் பந்தல் நிறையச் சனம். பிரதம விருந்தினரான அரசியல்காரர் மாலையோடு வந்தார். திணைக்களம் திணைக்களமாக அதிகாரிகள் முன்வரிசையில் இருந்தார்கள். பெரியவர்கள் ஒவ்வொரு திரியாகக் கொளுத்தி, எரியும் மெழுகுதிரியைப் பெற்றிசியாவின் கையில் கொடுத்தார்கள். அவள் விளக்குக்குக் கிட்டப் போனாள். போய் நின்றுவிட்டாள். மெழுகு விரலில் உருகி விழுந்தது. சுடுவதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு விருந்தினர் பக்கம் திரும்பினாள். "ஐயா, குறை நினைக்காதேங்கோ. இதைக் கொளுத்த எனக்கு மனம் வரேல்ல. ஒருக்கா உள்ளுக்கு வந்து பாருங்கோ. பாத்தாப் பிறகும் திறக்கலாம் எண்டு நீங்கள் சொன்னா நானே கொளுத்துறன்."

மைக் இல்லாமலே பந்தல் முழுக்கக் கேட்டது. ஓர் அதிகாரி எழும்பி அவளை ஒதுக்கப் பார்த்தார். விருந்தினர் கையைக் காட்டி அவரை இருக்கச் சொன்னார். சனம் பார்த்துக்கொண்டிருந்தது, கமெராக்களும் இருந்தன. அதனாலோ, உண்மையாகவே பார்க்க விரும்பினாரோ, அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பெற்றிசியா அவருக்கு எதையும் விளக்கவில்லை. குழாயைத் திறந்து காட்டினாள். விசிறியின் சுவிச்சைப் போட்டுக் காட்டினாள். செப்புக் குழாயைத் தொட்டுக்கொண்டே மூலைவரை நடந்து, அது முடிந்த இடத்தில் கையை எடுத்தாள்.

விருந்தினர் அதிகாரிகளைக் கூப்பிட்டார். கரண்டுக்குப் பொறுப்பானவர், தண்ணிக்குப் பொறுப்பானவர், கட்டடம், சுகாதாரம் என்று எல்லோரும் அந்தச் சின்ன வாட்டுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். ஒருவர் மற்றவரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். எப்போது முடியும் என்று விருந்தினர் கேட்க, விரைவில் முடியும் என்று இரண்டு மூன்று பேர் ஒன்றாய்ச் சொன்னார்கள்.

"ஐயா," என்றாள் பெற்றிசியா, "அதை அவையளை வெளியில வந்து மைக்கில சொல்லச் சொல்லுங்கோ. என்ன மிச்சம், எப்ப முடியும், ஆர் பொறுப்பு எண்டு. சனம் கேக்கட்டும். அது போதும் எங்களுக்கு."

முதலில் வெளியே வந்தவர் பரமநாதன். மைக்கைக் கையில் எடுத்தார். "வேலை முடிஞ்சுது எண்டு நான் கையெழுத்து வைச்சிருக்கப்படாது. வைக்கச் சொல்லிச்சினம், வைச்சிட்டன். தண்ணித் தாங்கி என்ர பொறுப்பு. வாற மாதம் முடிச்சுத் தாறன்," என்றார். அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. ஒவ்வொருவராய் வந்து தன் பெயரையும் தன் வேலையையும் அதை முடிக்கும் தவணையையும் சொன்னார்கள். கடைசியில் விருந்தினர் ஸஹ்றாவையும் கூப்பிட்டு, டொக்டர் சொல்லுங்கோ என்றார். இத்தனை காலமும் கூட்டத்துக்குள் மட்டும் சொல்லிவந்ததை அவள் ஊருக்கு முன்னால் சொன்னாள். றிபன் வெட்டப்படவில்லை.

பெற்றிசியாவை அன்றைக்கே எல்லோரும் கொண்டாடினார்கள் என்று நினைக்கவேண்டாம். கிடைத்ததையும் கெடுத்துப்போட்டாள் என்று சொன்னவர்கள்தான் அதிகம். கடற்தொழிலாளர் சங்கத்தில் மில்ரனுக்கு முகம் கொடுக்காமல் சிலர் திரும்பிக்கொண்டார்கள். அவனும் வீட்டில் சில நாள் கதைக்கவில்லை. சாப்பிட்டான், போனான், வந்தான். அவளுக்கு அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. பரமநாதனுக்கு இடமாற்றம் வரப்போகிறது என்ற கதை அடிபட்டபோது, அவள் அதே பெண்களோடு கந்தோருக்குப் போனாள். உண்மை சொன்ன மனுசரை மாற்றினால் சிப்பிமுனைச் சனம் முழுக்க வந்து ஏனென்று கேட்கும் என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்தாள். இடமாற்றம் வரவில்லை. தாங்கி சொன்ன மாதத்திலேயே முடிந்தது. கரண்டும் வந்தது. ஒட்சிசன் மட்டும் தவணை தவறியது. தவறிய கிழமையே அவள் அந்த அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றாள். அவர் சொன்ன நாளை ஊரே கேட்டிருந்ததால் அவரால் சமாளிக்க முடியவில்லை.

ஒரு வேலை நாள் காலையில் ஸஹ்றா பூட்டில் திறப்பைப் போட்டு வாட்டைத் திறந்தாள். விழா இல்லை, பந்தல் இல்லை. பெற்றிசியா உப்புக் கையோடு ஓடிவந்து வாசலில் நின்று பார்த்தாள்.

அந்த மாரிமழைக்கு வெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்ததும் எலிக்காய்ச்சல். கரையோரச் சனமும், பெருநிலப்பரப்பில் வயலுக்குள் இறங்கி வேலை செய்த சிலரும் வந்து சேர்ந்தார்கள். காய்ச்சல்காரரைப் பிள்ளைத்தாய்ச்சிகளிடமிருந்து பிரித்து வைக்க இடம் இருந்தது. இந்த முறை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். மூச்சு முட்டிய இருவருக்குத் தலைமாட்டிலேயே ஒட்சிசன் கொடுத்தார்கள். அந்த மாரியில் அந்த வாட்டில் கிடந்த எல்லோரும் தங்கள் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்கள். மில்ரன் பாரை மீனில் நல்லதாய் ஒன்றைத் தெரிந்தெடுத்து, வாட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் கறிக்கென்று கொண்டுபோய்க் கொடுத்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றில்லை. தாதி ஒருவரின் இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. கரண்ட் நின்றால் வேலை செய்யவேண்டிய ஜெனரேற்றர் இன்னும் வரவில்லை. பெற்றிசியா இப்போது ஆஸ்பத்திரிச் சங்கத்தில் உறுப்பினர். கூட்டம் தொடங்கியதும், போன முறை சொன்ன விசயங்கள் எங்கே நிற்கின்றன என்று அவள்தான் முதலில் கேட்கிறாள். கரையோரத்தின் மற்ற ஊர்களிலிருந்தும் பெண்கள் வாடிக்குத் தேடி வருகிறார்கள். ஓர் ஊரில் மருந்தகத்தின் கூரை ஒழுகுகிறது, இன்னோர் ஊரில் பூட்டியே கிடக்கிறது. மீனைக் கீறிக்கொண்டே அவர்களுக்குச் சொல்வாள்: "தனித்தனியாப் போய்க் கேக்காதேங்கோ. எல்லாரையும் ஒரே இடத்துக்கு வரச்செய்து, சனத்துக்கு முன்னால கேளுங்கோ. மரியாதையாக் கேளுங்கோ. ஆனா கேட்டுக்கொண்டே இருங்கோ."

போன கிழமை அப்படி வந்தவர்கள், முதல்தடவை கந்தோருக்குப் போகப் பயமாக இருக்கிறது என்றார்கள். பெற்றிசியா கையைக் கழுவினாள். மீனுக்கு மேல் வலையை இழுத்து மூடிவிட்டு, பட்டினத்து பஸ் எத்தனை மணிக்கு என்று அவர்களிடம் கேட்டாள்.