பாலேஸ்வரி அக்காவின் கிணற்றுப் பங்கு

உரும்பிராயில் பாலேஸ்வரி அக்காவோடு வாய் கொடுத்து வென்றவர் எவருமில்லை. நானும் நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறேன். கணவர் இறந்தபின் தனியாளாக வெங்காயத் தோட்டம் செய்து குடும்பத்தை நிமிர்த்தியவர். அவருடைய தோட்டத்துக்கும் எங்கள் எல்லோரின் குடிதண்ணீருக்கும் இருப்பது ஒரேயொரு பங்குக் கிணறுதான்.

கிணற்றுக்குப் பக்கத்துக் காணியை வாங்கிய சுபாஸ் அங்கே காசுக்கு மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் கழுவத் தொடங்கினான். கழிவெண்ணெய் எல்லாம் ஒரு மண்குழிக்குள் போனது. வைகாசியில் கிணற்றில் எண்ணெய் மிதந்தது. தேத்தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. நாங்கள் போத்தல் தண்ணீருக்கு ஓடினோம். வெங்காயத்துக்குப் போத்தல் தண்ணீர் வார்க்க முடியுமா? அக்காவின் பயிர் கருகத் தொடங்கியது.

முறைப்பாட்டோடு அரச கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். "பாப்பம்" என்றார்கள். கடைசியில் சுபாஸிடமே நேரே போனார். நாங்களும் போனோம், அவருக்குப் பின்னால்தான்.

"தம்பி, உந்தக் குழியை மூடும்."

"சும்மா கத்தாதேங்கோ அக்கா. காணி உறுதிப் பத்திரத்திலை எனக்கும் கிணத்திலை பங்கு இருக்கு. உங்களுக்குள்ள உரிமை எனக்கும் இருக்கு."

அக்கா சிரித்தார். அவர் சிரித்தால் யாருக்கோ கெட்ட காலம்.

"ஓம் தம்பி, இருக்கு. வாற ஞாயிறு கிணறு இறைக்கிறம். பங்குக்காரர் எல்லாரும் இறங்கிச் சேறு அள்ள வேணும். வராதவருக்குத் தண்ணியும் இல்லை."

அது ஊர் வழக்கம். தண்ணீர் இல்லாமல் அவன் எதைக் கழுவுவது? வந்தான்.

இறைத்து முடிந்து தன் முறை வந்ததும் கயிற்றைப் பிடித்து இறங்கினான். அடியில் முழங்கால் வரை கறுத்த சேறு. அவனுடைய குழி இருந்த பக்கத்துக் கல்வெடிப்பால் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. அதை அவனே கண்டான். மேலே வந்தபோது தலைமுதல் கால்வரை எண்ணெய்.

"கழுவக் கொஞ்சம் தண்ணி தாங்கோ அக்கா."

"எங்கையப்பு தண்ணி? இப்பதானே இறைச்சனாங்கள். ஊறட்டும், இரும்."

பொழுதுபடும்வரை அப்படியே இருந்தான். பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய்.

மறுகிழமையே குழியை மண்ணோடு தோண்டி அகற்றிச் சீமெந்துத் தொட்டி கட்டினான். எண்ணெய் பீப்பாவுக்குள் போனது. மாரி கழிந்து, மறுபடியும் இறைத்து, தண்ணீரை யாழ்ப்பாணத்தில் பரிசோதிக்கக் கொடுத்தோம். குடிக்கலாம் என்று வந்தது.

அன்று அக்கா வாளியோடு தூக்கி அண்ணாந்து குடித்தார். சேலையெல்லாம் நனைந்தது. எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. பிறகு அவர் அடுத்த வாளியை அள்ளிச் சுபாஸிடம் நீட்டினார்.

"குடியும் தம்பி. உம்மடை பங்கு."

எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, அவன் இரண்டு கைகளாலும் வாங்கிக் குடித்தான்.