பிரேக் மேடமும் தங்க நிற மையும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த அம்மாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. "பிரேக் மேடம்" என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பயிற்சிக் காரில் அவருடைய இருக்கைக்குக் கீழே இன்னொரு பிரேக் உண்டு. ஸ்டியரிங் பிடித்திருப்பவர் பதறுவதற்கு முன்பே அவர் கால் அதன்மேல் போயிருக்கும். வாய் மட்டும் நிற்காது. "அப்படித்தான், கண்ணாடியப் பாருங்க, பின்னாடி வர்ற லாரி உங்க மாமா இல்ல, விட்டுக் கொடுக்க மாட்டான்" என்று பேசிக்கொண்டே காரை நிறுத்திவிடுவார்.

தன்னிடம் கற்று உரிமம் வாங்கியவர்களுக்கெல்லாம் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அனுப்புவார். எல்லாம் கையால் எழுதியது, அதுவும் மை ஊற்றும் பேனாவால். இதில் ஒரு சங்கடம் இருந்தது. அவருக்கு இடதுகைப் பழக்கம். எழுதிய வரி காய்வதற்குள் கை அதன்மேல் ஏறிப் போகும். ஒரு வருஷம் பளபளப்பான அட்டையில் கரும்பச்சை மையால் எழுதினார். அந்தத் தாள் மையைக் குடிக்கவே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் வால் முளைத்தது. "மேடம், நீங்க எழுதினத நீங்களே வைப்பர் போட்டுத் துடைச்ச மாதிரி இருக்கே" என்று ஒரு பழைய மாணவர் போன் பண்ணிச் சிரித்தார். மேடமும் சேர்ந்து சிரித்தார். மறுவருஷம் சொரசொரப்பான, பாலாடை நிற அட்டைக்கு மாறிவிட்டார். மெல்லிய நிப், சீக்கிரம் காயும் மை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார். சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலை மைப் புட்டிகளுக்கு என்றே ஆனது.

அவர் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்த வருஷம், வீட்டைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா வந்து தங்கினார். அதாவது மேடத்தின் நாத்தனார். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். தான் சொல்வது சரி என்பதில் மேடத்துக்கு ஒரு படி மேல்.

இரண்டு பேரும் ஒரு சமையலறையில் இருந்தால் எப்படி இருக்கும்? முதல் வாரமே நாத்தனார் அலமாரியைக் கலைத்துப் போட்டுப் புதிதாக அடுக்கிவிட்டார். "என் வீட்டுல உப்பு எங்க இருக்குன்னு நான் யாரையாவது கேக்கணுமா?" என்று மேடம் கத்தினார். "கேட்டா என்ன, வாய் தேஞ்சா போயிடும்?" என்றார் நாத்தனார். ஆனால் கணவரை எழுப்பி உட்கார வைத்தது, மாத்திரை கொடுத்தது, மேடம் ஒரு வகுப்பைக்கூட விடாமல் ஓடியது எல்லாம் அந்த அக்காவால்தான். கணவர் நடமாடத் தொடங்கியதும் அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். மேடத்துக்கு வாசலில் நன்றி சொல்ல வாய் வரவில்லை. "பார்த்துப் போங்கக்கா" என்றதோடு சரி.

அதனால் அந்த டிசம்பரில் நாத்தனாருக்கு மட்டும் தனி மை வாங்கினார். தங்க நிறம். புட்டியைக் குலுக்கினால் அடியில் படிந்த பொடி எழும்பி மினுக்கும். சொல்ல முடியாமல் போனதையெல்லாம் அட்டையின் உட்பக்கம் நிறைய எழுதி, நன்றாகக் காயவிட்டு அனுப்பினார்.

பதிலே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனார் தம்பியோடு பேசப் போன் பண்ணுவார். மேடம் எடுத்தால் "அவன் இருக்கானா?" என்பதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. நாளெல்லாம் போனில் பேசிப் பிழைத்தவர், ஒரு வருஷம் முழுக்க இப்படி. அலமாரிச் சண்டையை மனதில் வைத்திருக்கிறார் என்று மேடம் நினைத்தார். "அவங்க இஷ்டம்" என்று வெளியே சொல்லிக்கொண்டாலும் உள்ளுக்குள் உறுத்தியது.

மறுபடி அட்டை எழுதும் காலம் வந்தபோது கணவர் தன் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜைச் சரிசெய்யப் போனார். வேலை முடிந்ததும் அக்கா ஒரு உறையைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டார்.

"உன் பொண்டாட்டி பண்ணின காரியத்தப் பாரு. வெறும் அட்டைய அனுப்பியிருக்கா. ஒரு வார்த்தை எழுதக்கூட மனசில்ல. நான் அவ்வளவு வேண்டாதவளாப் போயிட்டேனா?"

கணவர் அட்டையை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். பாலாடை நிறத்தில் தங்க எழுத்து, வரிவரியாக மின்னியது. நேராகப் பிடித்தால் அவருக்கே சிரமமாகத்தான் இருந்தது. அக்காவிடம் கண்ணைப் பற்றிப் பேசினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"வெறும் அட்டையா? நானா?" மேடத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. அதற்குப் பிறகுதான் விஷயம் பிடிபட்டது. "அப்போ அக்காவுக்குக் கண்ணு சரியில்லைங்க" என்றார்.

"டாக்டர்கிட்ட வான்னா வர மாட்டா. உனக்குத்தான் கண்ணு சரியில்லன்னு என்னையச் சொல்லுவா."

"நான் பாத்துக்கறேன்."

மேடத்துக்கு இது புதிதல்ல. முதல் வகுப்பில் யாரையும் அவர் காரில் ஏற்றுவதற்கு முன், தெருக்கோடியில் நிற்கும் வண்டியின் நம்பரைப் படிக்கச் சொல்வார். கண் தெரியாதவர் யாரும் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டதில்லை. நம்பர் பலகை அழுக்காக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

அந்த வார இறுதியில் புட்டிகளையெல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு நாத்தனார் வீட்டு மணியை அடித்தார். கதவைத் திறந்தவர் வழியை விடவில்லை.

"அவன் வரலையா?"

"இல்லக்கா, நான்தான். இந்த வருஷ அட்டைக்கு எந்த மைன்னு முடிவு பண்ண முடியல. நீங்கதான் சொல்லணும்."

தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டால் நாத்தனாரால் மறுக்க முடியாது. வழி விட்டார். மேடம் ஒரு அட்டையை மேஜைமேல் வைத்தார். அதில் நீலக்கறுப்பு, அடர்பழுப்பு, கரும்பச்சை, சிவப்பு, சாம்பல், தங்கம் என்று வரிக்கொரு மையில் வெவ்வேறு வாசகங்களை எழுதி வைத்திருந்தார்.

நாத்தனார் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். நீலக்கறுப்பைச் சத்தமாகப் படித்தார். பழுப்பையும் படித்தார். பச்சையில் ஒரு வார்த்தை தடுக்கியது. சிவப்பு "கண்ணக் குத்துது" என்றார். சாம்பலுக்கு வந்ததும் "இது என்ன, பேனாவுல மை தீந்துடுச்சா?" என்றார். பிறகு அட்டையைத் திருப்பித் தள்ளினார்.

"அஞ்சுல நீலக்கறுப்புதான் நல்லாருக்கு."

"ஆறு வரி இருக்குக்கா."

"அஞ்சுதான்."

மேடம் மேஜை விளக்கை இழுத்து அட்டையின் ஓரத்தில் படும்படி சாய்த்தார். கடைசி வரி மினுங்கியது. நாத்தனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தது.

"என்னையச் சோதிக்க வந்தியா நீ?"

"உங்க கண்ணத்தான் சோதிச்சேன். உங்களச் சோதிக்க எனக்கு ஏதுக்கா தைரியம்? தப்பு என் மேலதான். அழகா இருக்கேன்னு வாங்கினேன், படிக்க முடியுமான்னு யோசிக்கல."

நாத்தனார் எழுந்து உள்ளே போனார். மேடம், போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தார். ஆனால் அவர் அந்தப் பழைய உறையோடு திரும்பி வந்தார்.

"எழுதினவ நீதானே. படி."

"நீங்களே விளக்குல சாய்ச்சு..."

"எனக்குத்தான் கண்ணு தெரியலைன்னுட்டியே. படி!"

லாரிகளுக்கு நடுவே குரல் மாறாமல் பேசுகிறவர், அட்டையை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தார். முதல் வரியைப் படித்துவிட்டுச் செருமினார். மேலே படித்தார். "நீங்கள் வராமல் இருந்திருந்தால் நான் எங்காவது ஓரமாகக் காரை நிறுத்தி அழுதிருப்பேன். நீங்கள் அடுக்கிய அலமாரியை நான் இன்னும் மாற்றவில்லை. சொல்லப்போனால் இப்போதுதான் கைக்கு வசதியாக இருக்கிறது. இதை நேரில் சொல்ல மாட்டேன்." நேரில்தான் சொல்லிக்கொண்டிருந்தார். படித்து முடிக்கும் மட்டும் தலையை நிமிர்த்தவில்லை.

நாத்தனார் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உப்பு?" என்றார்.

"நீங்க வச்ச இடத்துலதான் இருக்கு."

"பின்ன? அடுப்புக்குப் பக்கத்துல வைக்காம?" என்று சொல்லிவிட்டு எழுந்து காபி போடப் போனார். ஒரு வருஷத்துப் பேச்சு அன்று சாயங்காலம் வரை கொட்டியது.

கண்புரை என்று டாக்டர் சொன்னார். அறுவை சிகிச்சைக்கு மேடம்தான் காரில் கூட்டிப்போனார். போகும் வழியெல்லாம் நாத்தனார், கண் தெரியாமலே, "பிரேக் போடு, பிரேக் போடு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

அந்த வருஷத்து அட்டைகள் எல்லாம் நீலக்கறுப்பில் போயின. காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாத மை அது. மேலுறையை மழையில் நனைத்துப் பார்த்துத்தான் மேடம் தேர்ந்தெடுத்திருந்தார். தலைப்பில் இருக்கும் வாழ்த்து வரிக்கு மட்டும் சிவப்பு, அதுவும் கருஞ்சிவப்பு. "ஒரு வரின்னா குத்தாது" என்று நாத்தனார் அனுமதி கொடுத்திருந்தார்.

கண்ணில் போட்ட கட்டைப் பிரித்துச் சில வாரங்கள் கழித்து நாத்தனார் தானும் பேனா கடைக்கு வருவேன் என்றார். தன்னோடு வேலை பார்த்த ஆபரேட்டர்களுக்குக் கடிதம் எழுதப் போகிறாராம். கடைக்காரர் மாதிரிப் புத்தகத்தை விரித்ததும், இத்தனை காலம் இல்லாமல் இருந்த நிறமெல்லாம் அவருக்குத் தெரிந்தது. இருப்பதிலேயே வெளிறிய ரோஜா நிறத்தைத் தொட்டு, "இது" என்றார்.

"அக்கா, உங்க சிநேகிதிங்க எல்லாம் உங்க வயசு. யாருக்கும் தெரியாது. எல்லாரும் போன் பண்ணிக் கேப்பாங்க."

"பண்ணட்டுமே. பேச வேண்டாமா?"

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேடத்தைப் பார்த்தார். மேடம் அந்தப் புட்டியையும், கூடவே நல்ல கருநீலம் ஒன்றையும் எடுத்துக் கட்டச் சொன்னார். உறையின் மேல் விலாசத்தையாவது தான்தான் எழுதுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. வீடு வந்து சேரும்வரை அந்த வாக்குவாதம் ஓயவில்லை. இரண்டு பேர் குரலிலும் நல்ல தெம்பு இருந்தது.